நட்சத்திர பலன்

சென்னையில் யாரையாவது நிறுத்தி, நெமிலிச்சேரி எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் குரோம்பேட்டைப் பக்கம் கை காட்டுவார்கள். மீதிப் பேர் "அப்படி ஒரு ஊரா?" என்பார்கள். அடியேன் வசிக்கும் நெமிலிச்சேரி வேறே. சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறி, ஆவடி தாண்டி, இந்து காலேஜ் தாண்டி, பட்டாபிராம் தாண்டி, திருநின்றவூருக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்க வேண்டும். கல்யாணமான புதிதில் என் மாமனார் குரோம்பேட்டை நெமிலிச்சேரிக்குப் போய், உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் தேடிவிட்டு, "மாப்பிள்ளை பொய் அட்ரஸ் குடுத்துட்டார்" என்று முடிவு கட்டித் திரும்பிப் போனார். அந்தச் சந்தேகம் அவருக்கு இன்னும் முழுசாகத் தீர்ந்த மாதிரி தெரியவில்லை.

இந்த முன்கதைச் சுருக்கம் எதற்கென்றால், சென்னையில் இரண்டு நெமிலிச்சேரி இருக்கிற ஒரே காரணத்தால் ஓர் இட்லிக் கடை கவிழப் பார்த்தது.

கடை ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லியும் பிரயோஜனமில்லை, அந்தப் பெயரில் தாலுகாவுக்கு நாலு டிபன் கடை இருக்கிறது. நடத்துவது ஓர் அக்கா. வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்தார். பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது மாவு அரைக்கிறார், வாழையிலை நறுக்குகிறார், அக்கா திட்டினால் கேட்டுக்கொள்கிறார். இரண்டு பெஞ்ச், ஒரு இட்லிப் பானை, ஒரு தோசைக்கல். சட்னி மட்டும் மூன்று வகை.

முன்பெல்லாம் கடைக்கு விளம்பரம் என்றால் ரயில்தான். லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஓடுகிற ஓட்டத்தில் நாலு இட்லி விழுங்குவார்கள். ஆபீஸில் பக்கத்து சீட்காரரிடம் சொல்வார்கள். அப்புறம் ஊர் மாறியது. 2014-ல் வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரை வெளிவட்டச் சாலை திறந்தார்கள். 2021-ல் அது மீஞ்சூர் வரை நீண்டு, மொத்தம் 62 கிலோமீட்டர் ஆயிற்று. 2024 நவம்பரில் பக்கத்துப் பட்டாபிராமில் 21 மாடியில் டைடல் பார்க் வந்தது. எங்கிருந்தெங்கிருந்தோ பைக்கிலும் காரிலும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இவர்களுக்கு அக்காவையும் தெரியாது, பக்கத்து சீட்காரரையும் தெரியாது. போனைத்தான் தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இப்ப ஒரு பையன் பைக்ல வந்து நின்னானே, பாத்தீங்களா? பசியோடதான் வந்தான், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. போனைப் பாத்தான், கடையைப் பாத்தான், மறுபடியும் போனைப் பாத்தான், போயிட்டான். இந்த வாரத்துல இது நாலாவது ஆளு. போன்ல அப்படி என்னதான் போட்டிருக்கு?"

எடுத்துப் பார்த்தேன். ப்ளஸ் டூ படிக்கும்போது அவர் பையன் கடையை கூகுள் மேப்பில் ஏற்றி வைத்திருந்தான். அதோடு எல்லாரும் மறந்துவிட்டார்கள். கடை பாட்டுக்குக் கடையாக இருக்க, மேப்பில் அதன் ஜாதகம் தனியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மொத்தம் ஆறு பேர் எழுதியிருந்தார்கள். நாலு பேர் ஐந்து நட்சத்திரம். இரண்டு பேர் ஒற்றை நட்சத்திரம். சராசரி 3.7.

அந்த ஒற்றை நட்சத்திரங்களில் முதலாவது இப்படி: 'பரோட்டா கல்லு மாதிரி இருக்கு. சால்னாவில் தண்ணி. கேட்டால் ஓனர் முறைக்கிறார்.'

அக்கா கடையில் பரோட்டா கிடையாது. எந்தக் காலத்திலும் கிடையாது. சால்னா என்ற வார்த்தையே அந்தக் கடையின் கூரைக்குக் கீழே உச்சரிக்கப்பட்டதில்லை. முறைக்கும் ஓனரும் இல்லை. வீட்டுக்காரருக்கு முறைக்கத் தெரிந்திருந்தால் அவர் வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும்.

எழுதினவரின் மற்ற விமர்சனங்களைத் தட்டிப் பார்த்தேன். பல்லாவரத்தில் ஒரு சலூன், குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டர், தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடை. விஷயம் புரிந்துவிட்டது. அந்தப் புண்ணியவான் சாப்பிட்டது குரோம்பேட்டை நெமிலிச்சேரியில், இதே பெயருள்ள இன்னொரு கடையில். திட்டியது இங்கே. என் மாமனார் தப்பாகப் போனார். பரோட்டா தப்பாக வந்திருக்கிறது.

நான் பி.காம். ஆசாமி. எண்ணைக் கண்டால் கை சும்மா இருக்காது. பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சராசரியை 4.5-க்குக் கொண்டுவர வேண்டுமானால் ஒவ்வொரு ஒற்றை நட்சத்திரத்துக்கும் ஏழு ஐந்து நட்சத்திரம் வேண்டும். இரண்டுக்குப் பதினாலு. கையிருப்பு நாலு போக, பாக்கி பத்து. (ஏழோடு இன்னும் அரை சேர்ந்தால் வேறு ஒருவரின் கணக்கு ஆகிவிடும். அவருக்கு நல்லெண்ணெய் தீபம் ஏற்ற வேண்டும்.)

"பத்து பேர் எழுதினா போதுமா? நூறு பேர் தினம் சாப்பிடறாங்களே!" என்றார் அக்கா.

அங்கேதான் சிக்கல். வயிறு நிறைந்தவன் ஏப்பம் விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். நொந்தவன்தான் நின்று நிதானமாக டைப் அடிக்கிறான்.

இது ஏதோ நெமிலிச்சேரிக் கவலை என்று நினைக்காதீர்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் மைக்கேல் லூக்கா என்ற பேராசிரியர் 2011-ல் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அமெரிக்காவின் சியாட்டில் நகர ஓட்டல்களின் வரவையும், யெல்ப் என்ற தளத்தில் அவற்றுக்கு விழுந்த நட்சத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், ஒரு நட்சத்திரம் கூடினால் வியாபாரம் 5 முதல் 9 சதவிகிதம் கூடுகிறதாம். அதைவிட முக்கியமான சமாசாரம் ஒன்றும் கண்டுபிடித்தார். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய சங்கிலி ஓட்டல்களுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. அடி விழுவதும், அணைப்பு கிடைப்பதும் தனிக் கடைக்குத்தான். பெரிய போர்டுக்காரனை ஊருக்கே தெரியும். நட்சத்திரம் என்ன சொன்னால் என்ன? தெரியாத கடைக்குத்தான் ஜாதகம் பார்க்கிறோம்.

அக்காவுக்குத் தினம் நானூறு இட்லி போன இடத்தில் முன்னூறு போய்க்கொண்டிருந்தது. பழி முழுவதையும் நட்சத்திரத்தின் மேல் போடுவது நியாயமில்லை, அந்த மாசம் மழையும் பேய் மழை. ஆனால் மகளிர் குழுத் தவணை மழை பார்த்து வருவதில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். கழுத்தில் அட்டை, முதுகில் பை, காதில் எந்நேரமும் ஒரு வெள்ளைக் கம்மல். வயசு இருபத்துமூணு இருக்கும். "ஆன்லைன் ரெபுடேஷன் மேனேஜ்மென்ட் சார், சுருக்கமா ஓ.ஆர்.எம்." என்றார். நகைச் சீட்டு மாதிரி சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று திட்டம் வைத்திருந்தார். சில்வர் மூவாயிரம் ரூபாய். ஐம்பது பேர் ஐந்து நட்சத்திரம் போட்டு, கூடவே இரண்டு வரி எழுதுவார்கள்.

"எந்த ஐம்பது பேர்?" என்றேன்.

"ஆளுங்க இருக்காங்க சார்."

"அவங்க இங்க வந்து சாப்பிடுவாங்களா?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அப்பளம் பொரிக்க அடுப்பு வேணுமா என்று கேட்டவனைப் பார்க்கிற மாதிரி.

மாதிரிக்குச் சில விமர்சனங்களைக் காட்டினார். 'ஆம்பியன்ஸ் அற்புதம். ஃபேமிலியோடு போகச் சிறந்த இடம்.' பெஞ்சுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. 'பார்க்கிங் வசதி சூப்பர்.' வாஸ்தவம், எதிரே ஏரி வரைக்கும் காலி மனை. 'லைவ் மியூசிக் மறக்க முடியாதது.' அரக்கோணம் ஃபாஸ்ட்டின் ஹாரனைச் சொல்கிறார் போலிருக்கிறது.

"வேணும்னா எதிர்க்கடைக்கு நாலு ஒத்தை ஸ்டார் போட்டுடலாம்க்கா. அது கோல்டுல வரும்."

"எதிர்க்கடையா? அவருக்கு மாவு குடுக்கறதே நான்தான்பா" என்றார் அக்கா.

சிரித்தோம். ஆனால் இளைஞர் போனபின் அக்கா கடுகு டப்பாவை இறக்கி, அதிலிருந்த நோட்டுகளை எண்ண ஆரம்பித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மூவாயிரம் ரூபாய் என்றால் இரண்டு மூட்டை இட்லி அரிசி.

"பொய்தான் தம்பி. தெரியுது. ஆனா என்மேல விழுந்ததும் பொய்தானே? பொய்யைப் பொய்யால அடிச்சா என்ன?"

பி.காம். பட்டதாரியிடம் பதில் இல்லாத கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லண்டனில் ஊபா பட்லர் என்று ஒரு பேர்வழி. பத்து பவுன் கூலிக்கு, போகாத ஓட்டல்களைப் பற்றிப் பொய் விமர்சனம் எழுதிப் பிழைத்தவர். 2017-ல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையையே 'தி ஷெட் அட் டல்விச்' என்று ஓட்டலாக டிரிப் அட்வைசரில் பதிவு செய்தார். அடுப்பு கிடையாது, சமையல்காரர் கிடையாது. ஷேவிங் க்ரீமை வைத்துப் பலகாரம் மாதிரி போட்டோ எடுத்துப் போட்டார். ஒரு தட்டில் இருந்தது அவருடைய குதிகால். சிநேகிதர்களை விட்டு எழுதச் சொன்னார். அந்த நவம்பரில் லண்டனிலேயே முதலிடம் வந்துவிட்டது! இடம் கேட்டுப் போன் மேல் போன். கடைசியில் ஒரே ஒரு ராத்திரி நிஜமாகவே திறந்து, கடையில் வாங்கிய ரெடிமேட் சாப்பாட்டைச் சூடு பண்ணிப் போட்டார். சாப்பிட்டவர்களில் சிலர், மறுபடி எப்போ இடம் கிடைக்கும் என்று கேட்டார்களாம்.

கதையைக் கேட்டு அக்கா, "அப்போ வேலை செய்யுதுன்னுதானே சொல்றீங்க?" என்றார். நான் சொல்ல வந்தது அதில்லை. எடுத்துக்காட்டு என் காலையே வாரிவிட்டது.

அடுத்து சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்தேன். ஹெல்மெட்டுக்கும் குக்கருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை தருகிறதே பி.ஐ.எஸ்., அது 2022 நவம்பரில் வாடிக்கையாளர் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தர நிர்ணயம் கொண்டுவந்தது. எழுதுகிறவர் நிஜ ஆளா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும், காசு வாங்கி எழுதியதை நிஜ அபிப்பிராயம் போலக் காட்டக் கூடாது என்கிறது. ஆனால் விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படியில்லை. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் வரை அபராதம் போடலாம். அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் பொய் விமர்சனத்தை விற்பதும் வாங்குவதும் தடை. கூகுள் 2023-ல் மட்டும் விதிக்குப் புறம்பான 17 கோடி விமர்சனங்களைத் தடுத்தோ நீக்கியோ இருக்கிறது. நாளைக்கு அக்காவின் ஐம்பதும் அந்த வெள்ளத்தோடு போகலாம். மூவாயிரம் போனது போனதுதான்.

பத்து லட்சம் என்றதும் அக்கா டப்பாவை மூடினார். மனசை மூடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எங்கள் காலேஜில் இந்தச் சரக்குக்கு 'குட்வில்' என்று பெயர். தமிழ் மீடியத்தில் நற்பெயர். 1810-ல் இங்கிலாந்தில் எல்டன் பிரபு என்ற நீதிபதி ஒரு வழக்கில் இதற்கு விளக்கம் சொன்னார். பழைய வாடிக்கையாளர் பழைய இடத்தையே தேடி வருவதற்கான வாய்ப்பு, அவ்வளவுதான் என்று. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பி.காம். பசங்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கடுத்த பக்கத்தில் ஒரு மிருகக்காட்சிசாலை வரும். பூனை குட்வில், நாய் குட்வில், எலி குட்வில். முதலாளி மாறினாலும் அதே கடைக்கு வருகிற வாடிக்கையாளர் பூனை. கடை மாறினாலும் முதலாளி பின்னாலேயே போகிறவர் நாய். இரண்டுமில்லாமல் இஷ்டத்துக்கு ஓடுகிறவர் எலி. சத்தியமாக, பாடப் புத்தகத்தில் இருக்கிறது. (பரீட்சையில் நான் எலிக்குப் படம் போட்டதற்கு மார்க் தரவில்லை.)

அக்காவின் ரயில் வாடிக்கையாளர்களில் பாதி பூனை, பாதி நாய். போனைப் பார்த்து வருகிறவர்கள் எலி. எலிக்குப் பொறி வைக்கத்தான் அந்த இளைஞர் மூவாயிரம் கேட்டார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கணக்கியல் தரநிலை 26-ன்படி, காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் சொத்தாகக் காட்டலாம்; நீங்களாக உழைத்துச் சம்பாதித்ததைக் காட்டக் கூடாது. பதினோரு வருஷமாக விடிகாலை மூன்றரைக்கு எழுந்து சம்பாதித்த பெயருக்கு ஐந்தொகையில் இடமில்லை. இதை அக்காவிடம் சொல்லவில்லை. அந்த இளைஞருக்குச் சாதகமாகப் போய்விடும்.

அக்காவின் பயத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அவர் தம்பி ஆவடியில் பிரியாணிக் கடை போட்டிருந்தார். 2018 நவம்பர் நினைவிருக்கிறதா? எழும்பூர் ஸ்டேஷனில் ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் இரண்டாயிரம் கிலோ இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளத்தைப் பார்த்து யாருக்கோ சந்தேகம். 'நாய்க்கறி' என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வாட்ஸ்அப். சில நாளில் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பரிசோதனையில் அது ஆட்டுக்கறிதான் என்று முடிவு வந்தது. அந்த முடிவை யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை. ஆட்டுக்கு வந்த கதி கோழிப் பிரியாணிக்கும் வந்தது. அந்தத் தம்பி இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். "ஆய்வுக்கூடம் சொன்னதுக்கப்புறமும் யாரும் வரல தம்பி. நான் பரோட்டாவே போடறதில்லேன்னு எவன்கிட்ட போய்ச் சொல்றது?"

சொல்வதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே, கடைக்காரர் பதில் எழுதலாம். எல்லாரும் படிக்கலாம்.

2021 அக்டோபரில் ஸொமேட்டோவுக்கு நம்மிடம் நடந்ததை அக்காவுக்குச் சொன்னேன். தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரில் ஒரு பண்டம் குறைகிறது என்று புகார் செய்ய, சேவை மையத்திலிருந்த ஊழியர், இந்தி தேசிய மொழி, எல்லாரும் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று பாடம் எடுத்துவிட்டார். வாடிக்கையாளர் அந்த உரையாடலை அப்படியே படம் பிடித்து ட்விட்டரில் போட்டார். மறுநாள் ஊரே கொந்தளித்தது. கம்பெனி தமிழிலேயே மன்னிப்புக் கடிதம் போட்டது, 'வணக்கம் தமிழ்நாடு' என்று ஆரம்பித்து. கோயம்புத்தூரில் தமிழ் சேவை மையம் அமைத்துவருவதாகவும் சொன்னது. கூடவே அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கியது. அன்றைக்கே நிறுவனர் தீபிந்தர் கோயல் தலையிட்டு, திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தார்.

பணம் கொழுத்த கம்பெனி, நினைத்தால் ஐம்பதாயிரம் பேரை விட்டுப் புகழச் சொல்லலாம். கடைசியில் செய்தது ஒரு கடுதாசி எழுதியதுதான் என்பது என் கட்சி. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு வேலை திரும்பிக் கிடைச்சுதுல்ல? அது போதும்" என்றார்.

சரி, பதில் எழுத உட்கார்ந்தோம். தவறான கடை என்று புகார் செய்யும் பட்டனை முதலில் அழுத்தினேன். அது ஆகிறபோது ஆகட்டும். பதிலை நான் ஆபீஸ் பாஷையில் ஆரம்பித்தேன். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தாங்கள் குறிப்பிட்டுள்ள...' அக்கா போனைப் பிடுங்காத குறை. "இது என்ன தம்பி, தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸா?" அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன்:

'தம்பி, நம்ம கடையில பரோட்டா போடறதில்லை. நீங்க சாப்பிட்டது குரோம்பேட்டைகிட்ட இருக்கிற நெமிலிச்சேரியா இருக்கும். இது பட்டாபிராம் தாண்டி இருக்கிற நெமிலிச்சேரி. இந்தப் பக்கம் வந்தா இட்லி சாப்பிட்டுப் பாருங்க.'

இரண்டாவது ஒற்றை நட்சத்திரம்: 'தேங்காய்ச் சட்னி புளித்துப் போயிருந்தது. வயிறு கெட்டது.' தேதி, போன சித்திரை. இதுவும் வேறு கடையாக இருக்கும், இதற்கும் அந்தப் பட்டனை அழுத்திவிடுகிறேன் என்று விரலை நீட்டினேன்.

"வேணாம்" என்றார் அக்கா. "அது நம்ம சட்னிதான்."

வீட்டுக்காரர் இலை நறுக்குவதை நிறுத்தினார்.

"அன்னிக்கு ராத்திரி பூரா கரண்ட் இல்ல. முந்தின நாள் தேங்காய். மோந்து பாத்தேன், சந்தேகமாத்தான் இருந்துது. நாலு தேங்காய் வீணாப் போகுமேன்னு அரைச்சுட்டேன். அரை மணியில கொட்டிட்டேன். அதுக்குள்ள ரெண்டு மூணு பேர் சாப்பிட்டுட்டாங்க."

அதற்குப் பதிலாக அவர் எழுதச் சொன்னது ஒன்றரை வரி. 'தப்பு என்னுதுதான். வயித்தைக் கெடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க. அந்தக் காசை வாங்கிக்கோங்க.' இப்படி ஒத்துக்கொண்டால் படிக்கிறவன் ஓடிவிடுவான், கொஞ்சம் பூசி மெழுகலாம் என்றேன். "பூசி மெழுகறதுக்கு அந்தப் பையன் மூவாயிரம் கேட்டானே, நீங்க சும்மாவா செய்யறீங்க?" என்று கேட்டார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

சாப்பிட வருகிறவர்களிடம் 'முடிஞ்சா போன்ல ரெண்டு வார்த்தை போடுங்க' என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். நல்லதாகப் போடுங்கள் என்று கேட்கக் கூடாது, போட்டால் காபி இலவசம் என்றும் சொல்லக் கூடாது. அக்காவுக்குக் கேட்கவே கூச்சம். வீட்டுக்காரர்தான் இலை போடும்போது முணுமுணுக்கிறார். இந்த இரண்டு மாசத்தில் ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். எட்டு ஐந்து, ஒரு நாலு. நாலு போட்டவர், இட்லி ஏ ஒன், பெஞ்ச் ஆடுகிறது என்று எழுதியிருந்தார். பெஞ்சுக்கு அடியில் இப்போது ஒரு ஓட்டுத் துண்டு இருக்கிறது. சராசரி 4.4. அந்த நாலு மட்டும் ஐந்தாக இருந்தால் 4.5-ஐத் தொட்டிருக்குமா என்று பேப்பரை எடுத்தேன். இல்லை, 4.47. விட்டுவிட்டேன்.

போன வாரம் தோசையைத் திருப்பிக்கொண்டே அக்கா திடீரென்று கேட்டார்.

"ஏன் தம்பி, அந்தக் குரோம்பேட்டைக் கடைக்காரருக்கு யாராவது சொன்னாங்களா?"

"என்னன்னு?"

"பரோட்டா கல்லு மாதிரி இருக்குன்னு. எல்லாத்தையும் இங்க வந்து எழுதிட்டுப் போயிட்டா, பாவம், அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

வருகிற ஞாயிறு நான் குரோம்பேட்டை போகிறேன். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அவருக்கு வழி தெரியும்.